அண்ணன் ஏன் ஆற்றங்கரைக்கு வரவில்லை

அன்பிற்குரிய உறவினர்களே, அண்ணனின் நண்பர்களே,

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய பிறப்பு, படிப்பு, உத்தியோகம், குணம் எல்லாவற்றையும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி குடும்பத்தார் என்னைக் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் உங்களில் பலர் மூன்று ஆண்டுகளாக அண்ணனைப் பற்றி ஒரு பேச்சுப் பேசி வருகிறீர்கள். பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்காமல் போனவர் என்று. அந்தப் பாவம்தான் காமாலையாக வந்து அவரைக் கொண்டுபோயிற்று என்று கருமாதிப் பந்தலிலேயே, அண்ணியின் காதில் விழும்படி சொன்னீர்கள். அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதில் எனக்கு நல்லதாக இராது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் பிறந்தது அம்மாவின் தாய்வீடான பனமலையில். வளர்ந்ததெல்லாம் செஞ்சிக் கடைத்தெருவில். எங்கள் தகப்பனார், நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாதிக்கு எங்கள் விளக்குதான் எரிந்திருக்கும். ஒரு முகூர்த்த நாளில் கடையிலேயே ஒரு விளக்கு வெடித்து நைனாவின் முகவாயும் கழுத்தும் வெந்துபோயின. அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்று முதல் கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு விளக்கையும் காற்றடித்து, சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகுதான் அனுப்புவார். நுரையில் ஒரு குமிழி வந்தால் போதும், மாப்பிள்ளை அழைப்பு தெருமுனையில் காத்து நின்றாலும் அந்த விளக்கு போகாது. "கலெக்டரே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டான்" என்று நைனா சலித்துக்கொள்வார். சலித்துக்கொண்டாலும் அந்த விளக்கை அவரும் தொடமாட்டார்.

பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, சென்னையில் இன்ஜினியரிங் முடித்து, சீன யுத்தம் ஓய்ந்த மறு ஆண்டு, மலையாளக் கரையோரம் புதிதாகத் தொடங்கிய ராக்கெட் நிலையத்தில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். ராக்கெட்டின் தலைப்பகுதியில் வைத்து வான்வெளிக்கு அனுப்பும் கருவிகளைத் தயார்செய்து, சோதித்து, கையெழுத்திட்டுக் கொடுப்பது அவர் பொறுப்பு. தொண்டூர் மாமா, "ராக்கெட் உடறதுக்கு சிவகாசியிலயே வேலை கெடைச்சிருக்குமே, அவ்ளோ தூரம் எதுக்குப் போவணும்?" என்று கடிதம் எழுதச் சொன்னார். அண்ணன் கோபித்துக்கொள்ளாமல் படம் போட்டு ஒரு முழுப் பக்கம் விளக்கி மாமாவுக்குப் பதில் எழுதினார்.

ஒரு நாள் மாலை தென்மேற்கு வானத்தைப் பார்க்கும்படி அண்ணன் கார்டு போட்டிருந்தார். நைனா கடையை அடைத்துவிட்டுத் தெருவையே கூட்டி நிறுத்தினார். பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் கோட்டை மலையான ராஜகிரிக்குத் தெற்கே, வானத்தின் அடிப்பகுதியில், செம்மஞ்சளாக ஒரு புகை தோன்றியது. கோணல்மாணலாக முறுக்கிக்கொண்டு, பெரிதாகிக்கொண்டே வந்தது. "எம் புள்ள போட்டது, எம் புள்ள போட்டது" என்று நைனா ஆளாளுக்குக் கைகாட்டினார். அத்தை இடுப்பிலிருந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "இது நல்லதுக்கில்ல. எல்லாரும் உள்ள வாங்க" என்றார். நான் அத்தையைக் கேலி செய்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அந்தப் புகையை உண்டாக்கும் கருவிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு வெடித்திரி இருக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து இரண்டு கம்பிகள் வெளியே வரும். துளி மின்சாரம் பட்டாலும் திரி பற்றிக்கொள்ளும். அதனால் கம்பிகளின் முனைகளைச் சேர்த்து ஒரு சிறு பித்தளை பிளக் மாட்டி, அதில் சிவப்பு நாடா கட்டியிருப்பார்கள். பிளக் இருக்கும்வரை பயமில்லை. சோதிப்பதற்காக அதைக் கழற்றுகிறவர் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டாமல் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. ஒருமுறை லீவில் வந்திருந்தபோது, எனக்கு ஒரு டெரிலின் சட்டை வாங்கித் தரும்படி கேட்டேன். அந்தச் சட்டையோடு தங்கள் அறைக்குள் ஒருவரையும் விடமாட்டோம் என்றார். "அவுக்கும்போது படபடன்னு பொறி வருது பாரு, அது போதும்டா ஒரு ஆளு போறதுக்கு." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில், நைனா பக்கவாதம் வந்து விழுந்தார். நான்தான் அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன். தந்தி போய்ச் சேர்ந்தபோது அண்ணன் மூன்றாம் எண் கருவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரில் அளந்துகொண்டிருந்தாராம். செய்தியைக் கேட்ட பதற்றத்தில் பெட்டியை மூடி, பதிவேட்டில் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறார். ஆயிரம் விளக்கை நுரை தடவிப் பார்த்தவர் அன்று ஒன்றை மறந்துவிட்டார். அது அண்ணனின் தவறு. அதை நான் மறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். அவர் கையைப் பிடித்த நைனா விடவேயில்லை. பேச்சுப் போய்விட்டது, பிடி மட்டும் இருந்தது. அண்ணன் கழற்றிப் போட்ட சட்டையை அம்மா கிணற்றடியில் நனைக்கும்போது, "பையில இன்னாடா இது?" என்று உள்ளே கொண்டுவந்து காட்டினார். பித்தளை பிளக், ஈரத்தில் ஒட்டிய சிவப்பு நாடா. அண்ணனின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நைனாவின் கையை விடாமலே மெதுவாகச் சொன்னார்.

"பொட்டிய திங்கக்கெழம காலையில தொறப்பாங்க. உள்ள பிளக் மாட்டியிருக்குதுன்னு நெனச்சிக்கினு சங்கரன் கைய வெப்பான். போயி தந்தி குடு. பதில் அனுப்பச் சொல்லி எழுதித் தரேன். தந்தி போவலன்னா உடனே வந்து சொல்லு, நானே கெளம்பணும். வெளையாட்டு இல்லடா."

'மூன்றாம் எண் பெட்டியைத் திறக்க வேண்டாம், பிளக் என்னிடம் உள்ளது, பதில் அனுப்பவும்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். சங்கரன் அண்ணனோடு ஒரே மேசையில் வேலை செய்தவர். அவர் வீட்டிலிருந்து வரும் பலாச்சுளையில் எங்கள் அண்ணிக்கும் பங்கு உண்டு என்று அண்ணன் எழுதுவார். ஆகவே யாரோ தெரியாதவருக்குத்தானே ஆபத்து என்று நான் நினைத்தேன் என்றுகூடச் சாக்குச் சொல்ல முடியாது.

தபாலாபீசில், முந்தின நாள் காற்றில் விழுப்புரம் ரோட்டில் கம்பம் சாய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். "தந்தியும் போவாது, டிரங்கு காலும் கெடையாது தம்பி. நாளைக்கு ஞாயித்துக்கெழம. சரிபண்ண திங்கக்கெழம ஆயிடும். அவசரம்னா விழுப்புரம் போயி குடுத்துடு, இன்னைக்கே போயிடும்" என்றார் அங்கிருந்தவர்.

பஸ் இருந்தது. நான் ஏறவில்லை. நான் போய் வருவதற்குள் நைனா போய்விடுவாரோ என்று பயந்தேன். திரும்பிப் போய் உண்மையைச் சொன்னால் அண்ணன் கிளம்பிவிடுவார் என்பதும் தெரியும். கோபமும் இருந்தது. இத்தனை வருடம் கடையையும் நைனாவையும் பார்த்துக்கொண்டது நான். ஒரு நாளாவது இவர் இருக்கட்டுமே என்று நினைத்தேன். அங்கே உள்ளவர்கள் படித்தவர்கள், பார்த்துத்தான் தொடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"போச்சாடா?"

"போச்சுண்ணா."

அண்ணன் அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சோறு சாப்பிட்டார். நைனாவின் பக்கத்திலேயே படுத்துச் சற்றுக் கண்ணயர்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நைனாவின் மூச்சு நின்றது. அழுகை ஓய்ந்து, குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தில் அண்ணன் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். "பதில் வரலியே. ரசீத குடு, நான் போயி இன்னான்னு கேட்டுட்டு வரேன்" என்றார். என்னிடம் ரசீது இல்லை. மடித்த காகிதத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்தார், பார்த்தார், திரும்ப மடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"சரி. நீயே கொள்ளி வெச்சிடு. கேட்டா வேலைக்குப் போயிட்டான்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத" என்றார்.

நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டார். பெரியப்பா வாசலில் மறித்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "தகப்பன் பொணம் நடுவூட்ல கெடக்குது, எங்கடா போற?" என்று கேட்டதும், "வேலை இருக்குது பெரிப்பா" என்று அண்ணன் சொன்னதும் உங்களுக்கு மனப்பாடம். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் வழிவிட்டிருப்பீர்கள், என்னைப் பிடித்திருப்பீர்கள். அவர் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு திண்டிவனத்துத் தாய்வீட்டிலிருந்து அண்ணி வந்து இறங்கியபோது அண்ணன் போய்விட்டிருந்தார். சங்கராபரணி ஆற்றங்கரையில் நைனாவுக்கு நான் கொள்ளி வைத்தேன். அண்ணியை அன்று எல்லாருமாகச் சேர்ந்து வாயில் வந்தபடி பேசியதை நான் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

விழுப்புரத்தில் இறங்கி அண்ணன் அவசரத் தந்தி கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். அந்தத் தந்தி ஞாயிறு மாலையே போய்ச் சேர்ந்துவிட்டது. அதிகாரியின் பெயருக்கு வந்ததால், பிரிக்காமல், வாசல் காவலரிடம் இருந்தது. திங்கள் காலை அண்ணன் நிலையத்தின் வாசலை அடைந்து, லீவில் இருப்பவர் என்று தடுத்த காவலரிடம் உள்ளே விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

சங்கரன் பிழைத்துக்கொண்டார். வலது கையில் மூன்று விரல்களும் ஒரு கண்ணும் போய்விட்டன. நான் ஒரு மாதம் கழித்துப் போனபோது, ஆஸ்பத்திரியில் அண்ணன் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். விசாரணையில், பிளக் என்னிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, தெரிந்ததும் கிளம்பிவிட்டேன் என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் பறித்துக்கொண்ட சனிக்கிழமையை அவர் தம் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு அவரைக் கருவிகளின் பக்கம் விடவில்லை. படங்கள் வரையும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போனார். எங்களுக்கு வரும் கடிதத்தில் வான்வெளி, ராக்கெட் என்ற பேச்சு நின்றுபோயிற்று. குழந்தையைப் பற்றி மட்டும் எழுதுவார்.

சென்ற ஆண்டு காமாலையோடு செஞ்சிக்கு வந்து படுத்தார். ஒரு மத்தியானம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "எல்லார்கிட்டயும் சொல்லிடறேண்ணா" என்றேன். "சொல்லி இன்னா ஆவப் போவுது? அவனுக்கு வெரல் மொளைக்குமா? சும்மா இரு" என்றார். ஒன்பதாம் நாள் போய்விட்டார். கருமாதி முடிந்த அன்று அண்ணி என்னிடம், "அவரு அன்னைக்கு ஏன் போனாருன்னு உங்களுக்காச்சும் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இரண்டாவது முறையாகவும் பொய் சொன்னேன். இந்த ஓராண்டில் அந்த ஒரு கேள்வி என்னை உட்கார விடவில்லை. ஆகவே அண்ணன் சொல்லாதே என்று சொன்னதை மீறி எழுதிவிட்டேன். சங்கரனுக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அண்ணன் நோயில் கிடந்த நாட்களில் தினமும் வந்து பார்த்த டாக்டருக்கும், கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், பந்தல் வேலை முழுவதையும் தோளில் போட்டுக்கொண்ட தொண்டூர் மாமாவுக்கும், இரண்டு ரயில் மாறி வந்து அண்ணனைத் தூக்கிய ராக்கெட் நிலையத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நண்பர்களில் சங்கரனும் இருந்தார். பாடையின் முன்பக்கம், கொள்ளிச்சட்டியோடு போன எனக்கு அடுத்து, இடது தோளைக் கொடுத்தவர் அவர்தான்.

இதை அச்சகத்தில் கொடுப்பதற்கு முன் அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "ஒரு வரியும் எடுக்காதீங்க தம்பி, அப்படியே போடுங்க" என்றார். நான் எழுந்து வாசல்படிக்கு வந்தபோது உள்ளேயிருந்தே சொன்னார்: "வருஷத் திதிக்கு என் கூடப்பொறந்த தம்பி வந்து உக்காருவான். உங்க கையால அவருக்கு எள்ளும் தண்ணியும் வேணாம்."

நைனாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். அண்ணனுக்கும் நானேதான் வைத்தேன். திதியன்று நான் வாசலில் நின்று உங்களை வரவேற்பேன். ஏன் உள்ளே உட்காரவில்லை என்று அண்ணியிடம் ஒருவரும் கேட்க வேண்டாம் எனக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.

செஞ்சியிலிருந்து,
தம்பி