ஈரலைத் தாண்டிய காய்ச்சல்

வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. சுண்டெலிகளுக்கு மலேரியாத் தடுப்பூசி ஏற்றிவிட்டு, பிறகு அவற்றின் ஈரலில் தங்கியிருக்கும், நோயை எதிர்க்கும் டி கலங்களைப் பார்ப்போம். நுளம்பு கடித்தால் கிருமி முதலில் ஈரலுக்குள்தான் போய் ஒளியும். தடுப்பூசி கண்ட உடம்பில் அந்தக் கலங்கள் அங்கேயே காத்திருந்து, கிருமி புகுந்த இடத்தைத் தேடி அழிக்கும். ஒன்று தப்பினாலும் போதும், இரத்தத்தில் பெருகிவிடும்.

என் மூத்த சகோதரரான காக்கா ஆபிரிக்காவில் பாலம் கட்டும் வேலையில் இருந்தவர். லீவில் இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்த கிழமையே காய்ச்சல். தற்செயலாகத்தான் நான் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"டெங்கு போல எண்டு செல்லுறாங்க" என்றார் மதினி. "காய்ச்சலுக்குப் பனடோல்தான் குடுக்கிறம்."

"ஆபிரிக்காவில இருந்து வந்தவர் எண்டு டொக்டரிட்டச் சொன்னீங்களா?"

"அத ஆரும் கேக்கல்லயே."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மலேரியாவுக்கு ரத்தம் பாக்கச் சொல்லுங்க."

"மலேரியாவா? அது இப்ப நம்மட நாட்டுல இல்லியே, புள்ள."

கொண்டுபோனார்கள். அன்றே மலேரியா என்று கண்டுபிடித்து மருந்தும் ஏற்றினார்கள். அதற்குள் அது மூளையைப் பிடித்திருந்தது. நான் விமானம் ஏறுமுன்பே காக்கா மௌத்தாகிவிட்டார். வந்து சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது.

கணவரை இழந்த மதினி வெளியே போகாமல் இத்தா இருந்த வீட்டில் வாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"சின்ன வயசில நான் எத்தின தரம் இந்தக் காய்ச்சல்ல நடுங்கிக் கிடந்திரிப்பன். எனக்கு ஒண்டும் ஆகல்ல. அவனுக்கு மட்டும் ஏன் மகள்?"

"திரும்பத் திரும்ப வந்தா உடம்பு கொஞ்சம் பழகிரும் வாப்பா. காக்காட உடம்புக்கு அது புதுசு."

"அப்ப நீ படிக்கிற அந்த ஊசி?"

"இப்ப இரிக்கிற ஊசி அங்கத்தச் சின்னப் புள்ளைகளுக்குத்தான். வேலைக்குப் போறவங்களுக்கு மலேரியா வராம முழுங்கிற குளிசைதான்."

"அவன் குளிச குடிச்சானா?"

கதவடியில் நின்ற மதினிதான் பதில் சொன்னார்: "மொதல்ல குடிச்சவர். பொறகு வயித்தப் பொரட்டுது எண்டு உட்டுட்டார். நானும் உடுங்க எண்டுதான் சொன்னன், மாமா."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். டி கலங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அவருக்கு ஆறுதலாகாது. வாப்பா மெல்ல எழுந்து மதினியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அழாத மகள். நீ காலையில இருந்து ஒண்டும் திங்கல்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் மதினி சத்தம் போட்டு அழுதார்.