பால் சென்டர் பூட்டிக்கொண்ட காலை

பிள்ளைகளே, உங்கள் மாமாவின் மேலுதட்டில் இருக்கும் தழும்பு பைக்கிலிருந்து விழுந்து வந்ததென்று அவனே உங்களிடம் சொல்லியிருக்கிறான். அது பொய். அடித்தது நான்.

புத்தூர் பக்கத்துப் பால் சென்டரில் நான் கம்ப்யூட்டர் பார்த்தேன். உங்கள் அம்மாவின் தம்பி பால் டெஸ்ட் செய்தான். இருவருக்கும் ஒரே யூசர் ஐடி, ஒரே பாஸ்வேர்டு. எல்லா சென்டரிலும் அப்படித்தான் ஓட்டினார்கள். நான் அவனை அடித்த நாளுக்கு முந்தின நாள் சர்வர் கேட்டதால் பாஸ்வேர்டை மாற்றி, அவனிடமும் சொல்லியிருந்தேன்.

காலையில் லாகின் ஆகவில்லை. அக்கவுண்ட் பூட்டியிருக்கிறது என்று வந்தது. லாகின் இல்லாமல் எடை மிஷின் ஓடாது. எடை பதியாத பாலை வண்டிக்காரர் ஏற்றமாட்டார். திருப்பதி ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டேன். திறந்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் மறுபடியும் பூட்டிக்கொண்டது. ஐந்து தடவை தப்பாகப் போட்டால் சர்வரே பூட்டிவிடுமாம்.

வெயில் ஏறியது. வெளியே பால் ஊற்ற வந்தவர்களின் கேன்கள் வரிசையாக நின்றன. ஒருவர் கேன் மூடியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். இன்னொருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார்.

"பால் திரிஞ்சா உன்ன வுட மாட்டேன்! இன்னாத்துக்குடா பொட்டிய தட்டிக்கினே கீற?"

"அண்ணா, நான் இன்னா பண்றது? திருப்பதில பூட்டிட்டாங்க."

வாங்கிய அறையோடு, உள்ளே நின்ற உங்கள் மாமாவிடம் திரும்பினேன்.

"நீதானடா தப்புத் தப்பா போட்டுக்கினு இருந்த?"

"நான் தொடவே இல்ல மாமா. உன் கைராசி அப்படி," என்று சிரித்தான்.

பால் மொள்ளும் எவர்சில்வர் கரண்டியால் அவன் வாயிலேயே அடித்தேன். ரத்தம் சட்டையில் இறங்கியது. விழுந்தவனை உதைத்தேன். "அக்கா புருஷனாச்சேன்னு பாக்கறேன்!" என்று கத்தினான், திருப்பி அடிக்கவில்லை. ஒரு பால்காரர்தான் அவனைத் தூக்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்.

அப்போது ஹெட் ஆபீசிலிருந்து போன். உன் செல்லில் நம் ஆப் இருக்கிறதா, அதில் பழைய பாஸ்வேர்டு இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார்கள். இருந்தது. என் சட்டைப்பையில் கிடந்தபடியே அது பழைய பாஸ்வேர்டைத் தானாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆப்பை அழித்தேன். திறந்துவிட்டார்கள், அப்புறம் பூட்டவில்லை. அதற்குள் பாதிப் பால் திரிந்துவிட்டது. திட்டிக்கொண்டே அதைச் சென்டர் வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். உங்கள் மாமாவுக்குத் தனி யூசர் ஐடி கேட்டு ஹெட் ஆபீசுக்கு விண்ணப்பம் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், 'பூட்டியது என் செல். இதற்காக அவனை அடித்ததும் நான்' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன்.