கட்டம் இல்லாத ஜோசியர்

உள்ளறையில் குழந்தை வீறிட்டது. அலிபிரி சாலை வீட்டின் கூடத்தில் இருந்த ஹரிதாவை அந்த அழுகையைவிட, எதிரே டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்த பெண்தான் கலங்கடித்தாள்.

பிரசவச் செலவு குடும்பங்களை எப்படிச் சாய்க்கிறது என்பதே ஹரிதாவின் ஆராய்ச்சி. 'தேவையில்லாத சிசேரியனுக்கு டாக்டர்களே காரணம்' என்று மேடைதோறும் கண்கலங்கிப் பேசியவள். இப்போது ஆய்வுக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் அவள் வீடே விழுந்துவிட்டது. விழுந்த வீட்டை மாற்றக் கூடாது என்பதும் அவள் போட்ட விதிதான்.

"உங்க பேரு மேடம்?" என்றாள், அவளிடமே பயிற்சி பெற்ற பிரியங்கா.

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. சரி, உங்க சிசேரியனுக்குக் காரணம்?"

ஹரிதா உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னாங்க."

"எந்த டாக்டர்?" குழந்தையோடு வெளியே வந்தார் மாமியார் சுந்தரி. "அசுவினி நட்சத்திரம் தப்பிப் போயிடும்னு புத்தூர் ஜோசியர்தானே சொன்னாரு! டாக்டரம்மா, வலி வரட்டும்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நான்தான் அவங்களை டிபன்கூட துன்ன விடாம ஆபரேஷன் தியேட்டருக்கு இழுத்துக்கினு போனேன்."

பிரியங்கா திரையை மேலும் கீழும் தள்ளினாள். "படிவத்துல ஜோசியருக்குக் கட்டம் இல்லையே மேடம்."

டாக்டர் என்றே போடச் சொன்னால் ஹரிதாவின் ஆராய்ச்சி பிழைத்துவிடும். அழுகை நின்ற குழந்தை அவளையே பார்த்தது.

"மற்றவைன்னு போட்டு, ஜோசியர்னு எழுது," என்றாள் ஹரிதா. "நானும் தலையாட்டினேன்னு சேர்த்து எழுது."

எழுதி முடித்துப் பிரியங்கா எழுந்தாள்.

"ராகு காலம் வந்துடும், சீக்கிரம் கிளம்பும்மா," என்று அவளை அனுப்பிவிட்டு, சுந்தரி கதவைச் சாத்தினார்.