சேட்டுப் பொக்கற்றுக்குள் ஒரு தீவு

போன பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்வேர்னில் நான் இருக்கும் அடுக்குமாடியின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் லோன்றியில் நடந்தது இது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மெஷின்களின் இரைச்சலும் வெதுவெதுப்பும் சேர்ந்து கண்ணைச் சொருகவைத்தன.

கையில் என் கணவரின் நீலச் சேட்டு. அவர் கண்மூடி மாதக்கணக்காகியும் அதை நான் தோய்க்கவில்லை. அவருடைய வாசம் அதில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. "அம்மா, ப்ளீஸ், அப்பாட உடுப்புகளை இந்த வீக்கெண்டாவது டொனேற் பண்ணுவம்" என்று மகள் கெஞ்சியதால் கீழே கொண்டுவந்தேனே தவிர, மெஷினுக்குள் போட மனம் வரவில்லை.

பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பெண் முன்பின் தெரியாதவள். பொக்கற்றைப் பார்த்துவிட்டுப் போடும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். கையை விட்டேன். சாம்பல் நிறத்தில் காய்ந்து சுருண்ட இலைப்பாசி ஒட்டிய சின்னக் குச்சி ஒன்று வந்தது.

அட கடவுளே! அதற்கு முந்திய பனிக்காலம் நானும் அவரும் கரீபியன் தீவொன்றுக்குப் போயிருந்தோம். அங்கே மரமெல்லாம் இலை இலையாகப் படர்ந்திருந்த இந்தப் பாசியை அவர் தடவித் தடவிப் பார்த்தார்.

"உந்தக் குப்பையையும் காவிக்கொண்டு வரப்போறியளோ?" என்று நக்கலடித்தேன்.

"உமக்கு எல்லாம் குப்பைதான்" என்று சிரித்தார். கள்ள மனிசன், எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார்!

"எல்லாம் செத்துப்போச்சு" என்று தமிழில் சொல்லி அழுதுவிட்டேன். அவளுக்கு மொழி விளங்கவில்லை, அழுகை விளங்கியது. குச்சியை மெல்ல வாங்கி, தன் போத்தல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கவே சாம்பல் நிறம் கரைந்தது. சுருண்டிருந்த இலைகள் விரிந்து பச்சை ஊறியது. தான் ஒரு தீவில் பிறந்தவளாம். அவர்கள் வீட்டு மாமரத்திலும் இதுதானாம். வெயிலுக்கு உறங்கி, மழைக்கு எழும்புமாம்.

சேட்டை நானே உள்ளே போட்டேன். அது சுழன்று முடியும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

குச்சி இப்போது என் குளியலறைத் தட்டில் இருக்கிறது. காலையில் வெந்நீர் ஆவி பட்டு அது பச்சையாகும்போது, "இஞ்சையும் வந்திட்டியளோ?" என்று செல்லமாக ஏசுவேன். மகள் கொண்டுபோய்க் கொடுத்த அந்தச் சேட்டை இந்நேரம் யாரோ போட்டுக்கொண்டு திரிவார். அதை நினைத்தால் இப்போது நெஞ்சு அடைப்பதில்லை, என் மனிசன் எனக்குத் தெரியாமல் இன்னும் எதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாரோ என்றுதான் ஆசையாக இருக்கிறது.