அக்காவின் தட்டில் இடப்பக்கம்

விளிம்பில் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பெயர் என்னுடையதல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த சின்னக் கம்பெனியின் சூப்பர்வைசர் அக்காவுடையது. கல்யாணத்துக்கென்று வாங்கிச் சேர்த்த பாத்திரங்களில் ஒன்றாம். கல்யாணம் நடக்கவில்லை, தட்டு மட்டும் நடந்து கம்பெனிக்கு வந்துவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பெயர் தன் பக்கமாக வரும்படி தட்டை வைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவார்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன். சேக்காட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடைக்காரரிடம் ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்வதோடு என் அன்றைய பேச்சு முடிந்துவிடும். மதியத்துக்கு மெஸ் பார்சல். அதைப் பிரித்துவைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்காருவது வழக்கம். ஒருநாள் அவர் தட்டில் சரிபாதிச் சோறு அப்படியே இருந்தது. நடுவில் கத்தியால் கீறியது போலக் கோடு. வலப்பக்கம் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டிருந்தார், இடப்பக்கம் விரல்கூடப் படவில்லை. மீந்துவிட்டதே என்றேன். “காலியாய்டுச்சி நைனா, துன்ட்டேன்” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உனக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று நேராகச் சொன்னால் நான் கூச்சப்படுவேன் என்று இப்படிச் சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். பிறர் தட்டில் கை வைத்து வளர்ந்தவனில்லை நான். ஆனாலும் அந்தப் பாதியைச் சாப்பிட்டேன். மறுநாளும் பாதி இருந்தது. அடுத்தடுத்த வாரங்களிலும் இருந்தது. ஊரில் அம்மாவிடம் போனில், “இங்க ஒரு அக்கா எனக்குன்னு சோறு ஒதுக்கி வைக்காங்கம்மா” என்று பெருமையாகச் சொன்னேன். இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்பதற்கு என்னிடமிருந்த ஒரே சாட்சி அந்தப் பாதிச் சோறுதான்.

இடையில் அக்கா வலது காதில் மட்டும் கம்மல் போட்டுக்கொண்டு வந்தார். புது ஃபேஷனா என்று கிண்டல் செய்தோம். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே இருந்தார். காலையில் எழுந்தாலே தலைவலி என்றார். வெயில் என்று சொல்லி விட்டுவிட்டோம். ஒருநாள் மேசையில் வைத்திருந்த இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அப்படியே சரிந்து விழுந்தார்.

அவர் தம்பி லாரி ஓட்டுகிறவர், குடும்பம் நசரத்பேட்டையில். அவர் வண்டியோடு வெளியூர் போன நாட்களில் நான்தான் ஆஸ்பத்திரிக்குத் துணை. அப்படி ஒருநாள் டாக்டரம்மா அக்காவிடம் காகிதம் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் வந்தது. எண்கள் அத்தனையும் வலப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. “கண்ணுல ஒண்ணுமில்ல. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதையே மூளை விட்டுடுச்சு. தட்டுல பாதிச் சோறு இருந்தாலும் காலின்னுதான் நினைப்பாங்க” என்றார். வலது மூளையில் கட்டி, அதனால்தான்.

அக்காவுக்கு மூளையில் கட்டி என்ற துக்கத்தோடு எனக்கென்று யாரும் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை என்ற துக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டில் எது பெரிது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லக் கூசியிருப்பேன்.

மண்டையோட்டைத் திறந்து, எட்டிய வரைக்கும் கட்டியை எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதித்ததில் புற்றுநோய்தான் என்று உறுதியானது. வேறு இடத்திலிருந்து வந்ததல்ல, மூளையிலேயே முளைத்தது. முழுசாக எடுக்க முடியாதா என்று கேட்டேன். “சாம்பார்ல கரைஞ்ச பெருங்காயம் மாதிரி. கட்டியை எடுக்கலாம், கரைஞ்சதை எடுக்க முடியாது” என்றார் டாக்டரம்மா. மீந்ததைச் சுட்டுப் பொசுக்கக் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. இவை நோயை ஒழிக்காது, நாளைத்தான் நீட்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தலை அசையக் கூடாதென்று அக்கா முகத்தின் அளவுக்கே வலைபோல ஒரு முகமூடி செய்து, அதை மேசையோடு பூட்டினார்கள். கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். உள்ளே அவர் மட்டும். “மூஞ்சிய புட்ச்சி வச்சிக்கினு கீது நைனா, தும்மக்கூட முடில” என்பார் வெளியே வந்து, கன்னத்தில் வலையின் தடத்தோடு.

வாரக்கணக்கில் அது முடிந்து, வேலைக்குத் திரும்பினார். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை நன்றாகப் பசியைக் கிளப்பியிருந்தது. வீக்கம் வடிந்ததில் இடப்பக்கமும் அவருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. தட்டின் இரண்டு பக்கமும் பளபளவென்று காலி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பசியாகவும் இருந்தது.

சில மாதங்கள்தான். மறுபடி தட்டின் நடுவில் அந்தக் கோடு. இம்முறை அது என்னவென்று எனக்குத் தெரியும். கட்டி திரும்பிவிட்டது. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தபடி, அவர் எழுவதற்குள் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினேன். பெயர் எதிர்ப்பக்கம் போயிற்று, சோறு வலப்பக்கம் வந்தது. அக்கா திடுக்கிட்டார். “இன்னா நைனா, இம்மாஞ் சோறு எங்கேர்ந்து வந்துச்சி?” அதைப் பார்த்தார். என் பார்சலைப் பார்த்தார். பிறகு சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்து, ஒரு பங்கை என் பக்கம் தள்ளினார். “இத்த நீ துன்னு. மெஸ்ஸு சோறு துன்னு துன்னு எலும்பா கீறே.”

அது மூளைக் கட்டி ஒதுக்கிய பங்கல்ல. அக்கா பார்த்து வைத்த பங்கு. பார்சலை மூடி வைத்துவிட்டு அதைச் சாப்பிட்டேன்.

வேலைக்கு வர முடிந்தவரை அக்கா வந்தார். தினமும் நான் தட்டைத் திருப்புவேன், அவர் பிரிப்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி தேடிக்கொண்டு வந்து தட்டைக் கொடுத்தார். “உங்கைல குட்த்துட சொல்லிச்சி.”

இப்போது வேறு கம்பெனி, சேக்காட்டிலேயே வேறு வீடு. அப்போதும் தனியாகத்தான் இருந்தேன், இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன். பெயர் என் பக்கமாக வரும்படி வைத்துச் சாப்பிடுகிறேன். முடித்ததும் கை பழக்கத்தில் தட்டைத் திருப்புகிறது. பெயர் எதிர்ப்பக்கம் போகிறது. இந்தப் பக்கம் வந்த பாதியும் காலிதான்.