கே.ஐ.வி. மாப்பிள்ளைகள்

மலேசிய அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பா பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எனக்காக வாங்கியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். நானோ பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்களோடு மாரடித்துவிட்டு வருபவள். வீட்டுக்கு வந்தும் அதன் முகத்தில் விழிக்க எனக்கு ஆசையில்லை. சில வாரங்களிலேயே அந்த மேசை அப்பாவின் அலுவலகமாகிவிட்டது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பேனாவைப் பையில் குத்திக்கொண்டு வந்து உட்காருவார்.

அவருக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான். எனக்கு மாப்பிள்ளை தேடுவது.

உத்தரவு கிள்ளானிலிருந்து வந்தது. அப்பாவின் அக்கா அங்கே இருந்தார். யாழ்ப்பாண வழக்கப்படி நாங்கள் அவரை மாமி என்போம். எனக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது என்பதை எனக்கே ஞாயிறுதோறும் ஞாபகப்படுத்தியவர் அவர். தரகர்கள் எல்லாரும் புளுகர்கள், நம்முடைய நல்ல பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள், இண்டர்நெட்டில் தேடினால் கிடைப்பார்கள் என்று மாமி சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர் அவர். ஆனால் மாமி சொன்னால் சொன்னதுதான்.

ஒரு விஷயத்தில் மாமி சொன்னது சரி. தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டுக்குப் போன நம் பையன்கள் ஆளுக்கொரு இணையப்பக்கம் வைத்திருந்தார்கள். பனியில் ஒரு கார், காரில் சாய்ந்தபடி பையன், கீழே அவன் பட்டங்கள், அதற்கும் கீழே பொழுதுபோக்கு: வாசிப்பு, பயணம், கிரிக்கெட். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று எண்ணிக்காட்டும் ஒரு பெட்டி அடியில் ஓடும். அதில் பாதி என் அப்பாவாகத்தான் இருக்கும்.

பிடித்த பையனை அப்பா புக்மார்க் செய்துவிடுவார். அலுவலகத்தில் ஃபைல் கட்டிய கை சும்மா இருக்குமா? புக்மார்க்குகளை 'அவசரம்', 'நிராகரிப்பு', 'கே.ஐ.வி.' என்று பிரித்து அடுக்கினார். மலேசியாவில் அரசாங்க அலுவலகப் படியேறிய எல்லாருக்கும் கே.ஐ.வி. தெரியும். பார்வையில் வைத்திரு என்று அர்த்தம். அதாவது, இனி யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. நல்ல பையன்கள் எல்லாரும் கே.ஐ.வி.யில்தான் கிடந்தார்கள். அந்தப் பட்டியலில் முதல் ஆள் டொரண்டோ என்ஜினியர். ஓர் ஈமெயில் அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். ஜாதகம் பார்க்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும், ஆடி மாதம் கழியட்டும் என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. மாமி போனில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்.

நான் இதையெல்லாம் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன். உள்ளுக்குள் பயம் இருந்தது. டொரண்டோ என்ஜினியரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய கார் மட்டும்தான். அப்பா ஒரு நாள் அந்த ஈமெயிலை அனுப்பிவிட்டால், நான் என் வேலையை விட்டுவிட்டு அந்தக் காரின் மேல் விழுந்த பனியை வழிக்கப் போக வேண்டும்.

அப்போதுதான் மாமியின் மகன் வந்து சேர்ந்தார். முறைப்படி எனக்கு அத்தான், நல்லவேளை, கல்யாணமானவர். கிள்ளானில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்ததால் சொந்தத்தில் அவர்தான் நிபுணர். எங்கள் மெஷின் ஆமை மாதிரி ஓடுகிறது என்று சொல்லி, பழைய பிரவுசரைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் அப்பா வந்து உட்கார்ந்தால் ஒரு பையன்கூட இல்லை. மொத்த புக்மார்க்கும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

டொரண்டோக்காரனின் பக்கம் ஏதோ ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் இருந்தது. முகவரி ஒரு முழம் நீளம். கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்திருக்கிறது என்று அப்பா அதை வேறெங்கும் குறித்து வைக்கவில்லை. வீடு இடிந்துவிடும் என்று நினைத்தேன். இடியவில்லை. அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மத்தியானம் நன்றாகத் தூங்கினார். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பசி எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமி மகனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தான் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் போச்சு, மீட்கவே முடியாது, ஹார்ட் டிஸ்க்கையே சுத்தமாகத் துடைத்துப் புதிதாக ஆரம்பிப்பதுதான் நல்லது என்று தீர்ப்புச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஏதோ டைப் அடிக்கிற வேலை பார்ப்பதாக அவருக்கு நினைப்பு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் டொரண்டோ அன்றோடு ஒழிந்திருக்கும். ஆனால் எனக்கு ரத்தம் கொதித்தது. அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். புதிய பிரவுசர் தனக்கென்று புது இடம் பிடித்துக்கொள்ளும். பழையதைத் தூக்கினாலும் அதன் புக்மார்க் ஃபைல் பழைய இடத்திலேயே அனாதையாகக் கிடக்கும். பெயரைப் போட்டுத் தேடினேன். இருந்தது. புதிய இடத்துக்குப் பிரதி எடுத்துப் போட்டேன். கே.ஐ.வி. மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். அத்தானின் முகத்தை ஒரு நிமிஷம் ரசித்தேன். அடுத்த நிமிஷம் புரிந்தது, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று.

அப்பா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு, டிஸ்கெட்டில் மூணு காப்பி எடுத்து வை என்றார். ஒன்று இரும்பு அலமாரியில், ஒன்று மாமியோடு கிள்ளானுக்கு, ஒன்று சாமி அறையில். நாட்டின் ராணுவ ரகசியத்துக்குக்கூட இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. வரும் விஜயதசமியன்று ஈமெயில் அனுப்பியே தீர வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டுப் போனார்.

சரஸ்வதி பூஜைக்கு அம்மா புத்தகங்கள், கத்தரிக்கோல், அப்பாவின் பேனா எல்லாவற்றோடும் சாமி அறை டிஸ்கெட்டையும் எடுத்து வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். டிஸ்கெட்டில் எங்கே வைப்பது என்று யோசித்து, பளபளவென்று இருந்த அந்தத் தகட்டைத் தள்ளி, உள்ளே குளிரக் குளிர வைத்துவிட்டார். மறுநாள் அப்பா பூஜையில் இருந்த டிஸ்கெட்டைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மெஷின் அதை விழுங்கி, ஒரு உறுமல் உறுமி, திருப்பித் தரவே மறுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதும் அதே ஃபைல்தான் என்று சொல்லி நானே டொரண்டோவைத் திறந்தேன். அதற்கும் நான்தான் வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் படங்கள் மேலிருந்து கீழே கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் பூச்சரங்கள் வந்தன. கார் எங்கே என்று அம்மா கேட்டார். ஒரு தலைப்பாகை வந்தது. பக்கத்தில் ஒரு நெற்றிச்சுட்டி வந்தது. இரண்டு மாலைகள் இறங்கி, இரண்டு கைகள் கோத்துக்கொண்டதோடு படம் முடிந்தது. அப்பா மற்றவர்களையும் திறந்து பார்த்தார். ஒருவன் குழந்தையோடு இருந்தான். இன்னொருவனின் பக்கமே இல்லை. கிள்ளானில் ஒரு காப்பி, அலமாரியில் ஒரு காப்பி, மாப்பிள்ளைகளைத்தான் காணோம்.

"பொண்ணு வடிவா இருக்கா" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குப் போனார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகம் எப்படி இருக்குமோ என்று பயந்து திரும்பினேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"டொரண்டோ தூரம்லா" என்றார். "எப்படித்தான் அந்த ஈமெயிலை அனுப்பப் போறேனோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

எனக்கு வந்தது கோபம். ஒரு வருஷத்துக்கு மேலாக என்னைக் கிலியில் வைத்திருந்துவிட்டு இப்போது சொல்கிறார்.

"அனுப்ப மனசில்லன்னா அன்னைக்கே விட்டிருக்கலாமேப்பா. அதான் எல்லாம் அழிஞ்சு போச்சே."

"அழிஞ்சதும் எனக்குச் சந்தோஷம்தான்" என்றார் அப்பா. "நீதானேம்மா அத்தானை எழுப்பிட்டு உக்காந்து, அவ்வளவு பாடுபட்டுத் தேடி எடுத்தே. உனக்குப் போக ஆசைன்னு நெனச்சேன்."