அந்த வீடியோவில் நடந்தவர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓசூரைத் தாண்டி கர்நாடகா பக்கம் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது.

எங்கள் வீடு பாகலூரில். என் கணவர் கம்பெனி கூரையில் ஷீட் மாற்றும்போது தவறி விழுந்து, முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. விடாமல் பயிற்சி செய்து, கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து தானே சக்கர நாற்காலிக்கு மாறும் அளவுக்குத் தேறியிருந்தார். எனக்குத்தான் அது போதவில்லை.

அப்போதுதான் செல்போனில் அந்த மருத்துவமனை போட்டிருந்த வீடியோ வந்தது. இவரைப் போலவே அடிபட்ட ஒருவர், ஸ்டெம் செல் ஊசி போட்ட பிறகு எழுந்து நடக்கிறார். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தினமும் போட்டுப் பார்த்ததில் அந்த முகம் எனக்கு மனப்பாடம்.

"இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குதுன்னு நம்ம டாக்டர் சொன்னாரில்ல?" என்றார் கணவர்.

"நடக்கறத கண்ணால பாக்கறோம். இன்னும் என்னங்க ஆராய்ச்சி?" என்று சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்துதான் சம்மதிக்க வைத்தேன்.

அங்கே போய்ச் சேர்த்ததும், மறுநாள் காலை ஊசி என்றார்கள். அவரை வார்டில் விட்டுவிட்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வரவேற்பறைக்கு வந்தேன். லிப்ட் பக்கத்தில் அதே முகம், அதே தழும்பு. சந்தோஷத்தில் ஓடிப்போய், "அண்ணா, உங்க வீடியோவப் பாத்துத்தாண்ணா வந்தோம்!" என்றேன்.

அதன் பிறகுதான் கவனித்தேன். அவர் உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலியில். அவர் மனைவி டம்ளரை அவர் வாயில் வைத்துக் காப்பி புகட்டிக்கொண்டிருந்தார்.

அவர் டம்ளரிலிருந்து முகத்தை விலக்கினார். பிறகு கன்னட வாடைத் தமிழில் மெல்லச் சொன்னார். "நான் நடக்கவே இல்ல தங்கச்சி. பின்னால ரெண்டு பேரு இடுப்பப் புடிச்சிருந்தாங்க. அது தெரியாத மாதிரி வீடியோவ வெட்டிப் போட்டுட்டாங்க. முதுகுல ஊசி போட்ட எடத்துல சீழ் புடிச்சு கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. அதுக்கு முன்னாடி என் கையாலதான் சாப்பிட்டுட்டு இருந்தேன். அந்த வீடியோவ எடுத்துடுங்கன்னு கேக்கத்தான் நாலாவது வாட்டியா வந்திருக்கேன்."

என் கையில் பேனா. கவுண்டரில் இருந்த பெண், "மேடம், சைன் பண்ணுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். படிவத்தை அப்படியே வைத்துவிட்டு வார்டுக்கு ஓடினேன். நான் சொன்னதைக் கேட்ட கணவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "ஆராய்ச்சி நடக்குதும்மா. ஒருநாள் பலன் வரலாம். வந்தா நானே சொல்றேன்" என்றார். காத்திருக்கிறோம்.

இப்போது தினமும் காலையில் என் கணவர்தான் மகளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தில் தழும்பு இருந்த அந்த முகம் நினைவுக்கு வருகிறது. முன்பின் தெரியாத அந்த மனிதர் தன் வேதனையை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கைகளையும் நானே கையெழுத்துப் போட்டுப் பறிகொடுத்திருப்பேன்.